பக்கம் செய்ய வரும் பிள்ளையைப் பயமுறுத்தாதீர்கள்

விஸ்காம் முடித்த பெண் வீட்டில் உட்கார்ந்து, "பத்திரிகையில் டிசைனராகப் போகிறேன்" என்று சொன்னால் போதும், பெரியப்பாவிலிருந்து கல்லூரியின் பிளேஸ்மென்ட் அதிகாரி வரை எல்லோர் வாயிலும் ஒரே பதில் தயாராக இருக்கிறது. அச்சு செத்துப்போச்சும்மா. இந்தக் காலத்தில் யார் பத்திரிகை வாங்குகிறார்கள்? பக்கம் போடக் கேன்வா இருக்கிறது, ஏஐ வந்துவிட்டது. பேசாமல் யூஐ-யூஎக்ஸ் படித்துவிட்டுப் பெங்களூருக்குப் போ.

அக்கறையில்தான் சொல்கிறார்கள், சந்தேகமில்லை. ஆனால் சொல்கிறவர்களில் பெரும்பாலோர் ஒரு தமிழ்ப் பக்கம் எப்படி உருவாகிறது என்று ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. அதைவிட வருத்தம், பத்திரிகை அலுவலகங்களுக்குள்ளேயே இதே பாட்டைப் பாடுகிறவர்கள் இருப்பது. ஊரே ஒப்புக்கொண்ட கருத்தாக இது ஆகிவிட்டதால் கொஞ்சம் விரிவாகவே மறுக்க வேண்டியிருக்கிறது.

அதில் உண்மை இருக்கும் இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1941-இல் தொடங்கிய 'கல்கி', 2020 ஊரடங்குக் காலத்தில் அச்சை நிறுத்திக்கொண்டு இணையத்துக்குப் போனது. 1947-இல் பிறந்த 'அம்புலிமாமா' இன்று எந்தக் கடையிலும் இல்லை. 2016-இல் வந்த 'விகடன் தடம்', தமிழில் ஓர் இலக்கிய மாத இதழ் இவ்வளவு லட்சணமாக இருக்க முடியும் என்று காட்டிவிட்டுச் சில வருடங்களில் நின்றுபோனது. பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடையில் வார இதழ்கள் தொங்கிய கயிற்றில் இப்போது சிப்ஸ் பாக்கெட் தொங்குகிறது. இதையெல்லாம் மறுக்க நான் வரவில்லை.

ஆனால் இதிலிருந்து 'வடிவமைப்புக்கு வேலையில்லை' என்ற முடிவுக்கு எப்படித் தாவுகிறார்கள்? வார இதழ் விற்றது பெரும்பாலும் பயணத்தில் புரட்டுவதற்கும், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்துக்கொண்டு நான்கு ஜோக்கும் ஒரு தொடர்கதையும் படிப்பதற்கும். அந்த நேரத்தைச் செல்போன் எடுத்துக்கொண்டது. போனது பொழுதுபோக்கு வாசிப்பின் வியாபாரம். தமிழை ஒரு தாளில் படிக்கத் தகுந்தபடி அமைக்கும் வேலை அதோடு சேர்ந்து போகவில்லை. 2022-இல், அதாவது அச்சுக்கு எல்லோரும் கருமாதி செய்து முடித்த பிறகு, தமிழக அரசின் பள்ளிக்கல்வித்துறை மாணவர்களுக்காக 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்று இரண்டு இதழ்களையும், ஆசிரியர்களுக்காகக் 'கனவு ஆசிரியர்' என்ற இதழையும் தொடங்கியது. அதற்கு முன்பே, 2018-19 கல்வியாண்டு தொடங்கிப் படிப்படியாக அரசுப் பாடநூல்கள் புது உருவம் பெற்றன: வண்ணப்படம், விளக்கப்படம், மூலையில் க்யூஆர் கோடு. தமிழ்நாட்டில் ஒரே பக்கத்தை மிக அதிகம் பேர் திரும்பத் திரும்பப் பார்ப்பது எங்கே என்று என்னைக் கேட்டால், எந்த வார இதழையும் சொல்ல மாட்டேன். ஏழாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தைச் சொல்வேன்.

1977-இல் ஆரம்பித்த சென்னைப் புத்தகக் காட்சியில் இன்று நூற்றுக்கணக்கான அரங்குகள். மாவட்டத் தலைநகரங்களிலும் புத்தகத் திருவிழா நடக்கிறது. அங்கே அடுக்கி வைத்திருக்கும் ஒவ்வொரு புத்தகத்தின் உள்பக்கத்தையும் யாரோ ஒருவர் கட்டியிருக்கிறார். பல புத்தகங்களில் மோசமாகக் கட்டியிருக்கிறார். நல்ல கைக்கு இன்னும் தேவை இருக்கிறது என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. இதோடு தீபாவளி மலர்கள், நாளிதழ் இணைப்புகள், சங்க இதழ்கள், தொண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள். பத்திரிகையில் பழகிய கைக்கு இவை எல்லாமே தெரிந்த வேலை. ஓர் இதழுக்குள் நேர்காணல், கவிதை, சமையல் குறிப்பு, அட்டவணை, அஞ்சலி, வாசகர் கடிதம் என்று பத்து விதமான பக்கங்களை ஒரே வாரத்தில் கட்டிப் பழகியவருக்கு வேறு எந்தப் பக்கமும் புதிதாகத் தெரியாது.

இப்படி ஒரு தொழில் இருப்பதே வெளியே தெரியாமல் போனதற்கு நம் பத்திரிகைகளும் காரணம். ஓவியர்களைக் கொண்டாடினோம்; சரிதான், கொண்டாட வேண்டியவர்கள்தான். மாலியைத் தெரியும், கோபுலுவைத் தெரியும். 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது மணியம் வரைந்த முகங்களைத்தான் வந்தியத்தேவன் என்றும் நந்தினி என்றும் மூன்று தலைமுறை நம்பியது. ஜூனியர் விகடனில் கி.ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு ஆதிமூலம் போட்ட கோடுகளை இன்றும் பேசுகிறோம். ஆனால் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் எழுத்து எந்த அகலத்தில் ஓட வேண்டும், குதிரை பக்கத்துக்கு உள்ளே பார்த்து நிற்க வேண்டுமா வெளியே பார்த்தா, தலைப்பு படத்தின் மேலா கீழா என்று முடிவு செய்தவரின் பெயரை வாசகருக்கு யாரும் சொல்லவில்லை. வாசகர்களோ அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து பீரோவில் வைத்தார்கள். கதை நூலாக வந்த பிறகும் அந்தப் பழைய பைண்டிங்கைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தேடுவது படமும் எழுத்தும் சேர்ந்து நின்ற அந்தப் பக்கத்தை.

அம்புலிமாமாவை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்குப் பக்கம் படம், அதைச் சுற்றிக் கதை. அதே படங்கள் பல மொழிப் பதிப்புகளுக்கும் போகும். ஒரு மொழியில் அடங்குகிற வாசகம் இன்னொன்றில் நீளும். படத்தை நகர்த்த முடியாது; வேதாளம் முருங்கை மரத்தில் ஏறும் படம் எங்கே இருக்கிறதோ, எழுத்தும் அங்கே போய்ச் சேர வேண்டும். இதை மாதாமாதம் செய்து முடித்தவர்களை 'லேஅவுட் பார்க்கிற ஆள்' என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டோம். பெயர் போடாத வேலைக்கு மரியாதை இல்லை, மரியாதை இல்லாத வேலைக்குச் சம்பளம் இல்லை, சம்பளம் இல்லாத வேலைக்கு எங்கள் பிள்ளை ஏன் போக வேண்டும் என்று இப்போது கேட்கிறார்கள். கேள்வி நியாயம். ஆனால் குற்றவாளி அந்தத் தொழில் இல்லை.

வடிவமைப்பு வெறும் அலங்காரம் என்று இன்னும் நினைப்பவர்கள் 1987-ஐ ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். எம்.எல்.ஏ.க்களையும் அமைச்சர்களையும் கேலி செய்த ஒரு ஜோக் ஆனந்த விகடன் அட்டையில் வந்தது. தமிழகச் சட்டமன்றம் ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு 3 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பிச் சில நாட்களில் விடுவித்தார்கள். அதே ஜோக் உள்ளே ஏதோ ஒரு பக்கத்தில் கட்டுரைக்குக் கீழே இடம் நிரப்ப வந்திருந்தால் அத்தனை பேருக்கும் கோபம் வந்திருக்குமா? எதை எங்கே, எவ்வளவு பெரிதாக வைப்பது என்பது பத்திரிகையில் பேச்சின் ஒரு பகுதி. 1906-இல் பாரதி 'இந்தியா'வின் பக்கத்தில் கருத்துப்படம் போட்டபோதே இது தெரிந்த விஷயம்.

அடுத்த வாதம், 'மென்பொருள் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் பக்கம் செய்யலாம்' என்பது. எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வருவது இதில்தான். இதைச் சொல்கிறவரை மூன்று பத்தியாகப் பிரித்த ஒரு தமிழ்ப் பக்கத்தின் முன்னால் உட்கார வைக்க வேண்டும்.

தமிழ்ச் சொல் நீளம். 'பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்று ஒரு சொல் வந்தால் பத்தி அகலத்தை அதுவே தின்றுவிடும். இரண்டு ஓரமும் நேராக நிற்க வேண்டும் என்று மென்பொருளுக்குச் சொன்னால், அது முந்தைய வரியில் இருக்கும் இரண்டு சொற்களை இரண்டு ஓரத்துக்கு இழுத்து, நடுவில் மாட்டுவண்டி போகிற அளவு இடம் விடும். சரி, சொல்லை உடைக்கலாம். எங்கே உடைப்பது? மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது என்பது நன்னூல் படித்தவர்களுக்குத் தெரியும். வரிக்கும் முதலில் வரக்கூடாது என்பது ஈய எழுத்துக் கோத்த கம்பாசிட்டரின் விரலுக்குத் தெரியும். இன்றைக்கு வரும் புத்தகங்களைப் புரட்டுங்கள். 'க்', 'த்து' என்று தொடங்கும் வரிகள் கண்ணில் குத்தும். தலைப்பில் இன்னும் மோசம். 'கூட்டுக்குடிநீர்த் திட்டம்' என்பதை 'கூட்டுக்குடி' என்று முதல் வரியிலும் 'நீர்த் திட்டம்' என்று அடுத்த வரியிலும் உடைத்தால் செய்தியே வேறு ஊருக்குப் போய்விடும். மென்பொருளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆங்கிலப் பக்கத்துக்குப் படித்த பாடங்கள் இங்கே பாதிக்கு மேல் உதவாது. தலைப்பு விசாலமாகத் தெரிய எழுத்துகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்டுவது அங்கே வழக்கம். இங்கே 'கொ' என்பதில் கூட்டினால் கொம்பு ஒருபக்கம், கால் ஒருபக்கம், நடுவே ககரம் அநாதையாக நிற்கும். கட்டுரையின் முதலெழுத்தைப் பெரிதாக்குவது அங்கே ஒரு சொடுக்கு. பழைய எழுத்துருவில் அதே சொடுக்கைத் தட்டினால் 'கொற்றவை'யின் கொம்பு மட்டும் மூன்று வரி உயரத்துக்கு எழுந்து நிற்கும். தமிழுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. சாய்வெழுத்தும் நம் மரபில் இல்லை, நிமிர்ந்த எழுத்தை மென்பொருள் பிடித்துச் சாய்த்தால் 'ழ'வும் 'ஞ'வும் தள்ளாடும். அப்படியென்றால் தலைப்பு, துணைத்தலைப்பு, மேற்கோள், படக்குறிப்பு இவற்றை எப்படிப் பிரித்துக் காட்டுவது? தடிமனாலும் அளவாலும் வெளியாலும்தான். மேலே 'கீ'யின் சுழி, கீழே 'கூ'வின் வால். இரண்டுக்கும் இடம் வேண்டுமென்றால் ஆங்கிலத்துக்குப் போதும் என்ற வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. இடைவெளியைக் கூட்டினால் கட்டுரை அரைப் பக்கம் நீளும். நீண்டதை ஆசிரியரிடம் போய் வெட்டச் சொல்ல வேண்டும். எந்த வரியை வெட்டலாம் என்று சொல்வதற்குக் கட்டுரையைப் படித்திருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் டிசைனர் ஓர் ஆசிரியராகிறார். படிக்காமல் பக்கம் போடுகிறவர் எத்தனை மென்பொருள் தெரிந்தவரானாலும் இந்த இடத்தில் நின்றுவிடுவார்.

எழுத்துருவின் கதை தனி. விண்டோஸோடு வந்த 'லதா'விலேயே கல்யாணப் பத்திரிகை முதல் கவிதைத் தொகுப்பு வரை ஓட்டிய காலம் ஒன்று உண்டு. இப்போது நிலைமை மாறியிருக்கிறது. பிரியா ரவிச்சந்திரனின் 'கேட்டமரன்' ஒன்பது தடிமன்களில் இலவசமாகக் கிடைக்கிறது. எக் டைப்பின் 'முக்தா மலர்', 'பலூ தம்பி', இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸின் 'பவனம்', 'கவிவனார்' என்று யுனிகோடில் தேர்ந்தெடுக்க வகை இருக்கிறது. ஆனாலும் பல அலுவலகங்களில் பழைய குறியேற்ற எழுத்துருக்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. எழுத்தாளர் செல்போனில் தட்டி யுனிகோடில் அனுப்பிய கட்டுரையை அதற்கு மாற்றும்போது 'ஸ்ரீ'யும் 'க்ஷ'வும் எங்கே காணாமல் போகும் என்று தெரிந்தவர்தான் அந்த மேசையில் உட்கார முடியும். இதையெல்லாம் எந்தக் கல்லூரிப் பாடத்திட்டம் ஒழுங்காகச் சொல்லித் தருகிறது? நான் பார்த்தவரை, தமிழ்நாட்டில் விஸ்காம் படிக்கிற பிள்ளை ஹெல்வெட்டிகாவின் வரலாற்றை ஒப்பிக்கிறது, 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் 'லை' எப்படி இருந்தது என்று கேட்டால் விழிக்கிறது.

அச்சகம் இன்னொரு பள்ளிக்கூடம். 16 பக்கம் ஒரு ஃபாரம் என்று கணக்குப் போட்டு இதழைப் பிரிப்பது, நடுப்பின் அடிக்கிற இதழில் நடுப்பக்கம் மட்டுமே ஒரே தாளில் விழும் என்பதால் பெரிய படத்தை அங்கே கொண்டுபோவது, இரண்டு பக்கத்தில் விரியும் படத்தில் யாருடைய மூக்கும் மடிப்புக்குள் போகாமல் பார்த்துக்கொள்வது, நியூஸ்பிரிண்டில் மை பரவிப் படம் கறுத்துப்போகும் என்று முன்கூட்டியே வெளுப்பாக்கி அனுப்புவது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து திரையில் கம்பீரமாக இருக்கும். நான்கு வண்ணம் அரை மில்லிமீட்டர் விலகினால் 'ஐ'யின் சுழியெல்லாம் அடைத்துக்கொள்ளும். கேன்வாவில் இருந்து எடுத்த வார்ப்புரு இதில் எதையும் சொல்லாது.

ஏஐ விஷயத்தில் எனக்கு எளிதான ஒரு பதில் இருக்கிறது; அதைப் பயன்படுத்தப் போவதில்லை. படம் வரையும் ஏஐ-யிடம் தமிழ்த் தலைப்போடு போஸ்டர் கேட்டால் உலகில் இல்லாத எழுத்துகளைப் போட்டுத் தரும் வேடிக்கையை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது நாளைக்கே சரியாகிவிடலாம். அதை நம்பி ஒருவர் தொழில் தேர்ந்தெடுக்கக்கூடாது. என் பதில் வேறு. ஒரு கூட்ட நெரிசலில் மக்கள் இறந்திருக்கிறார்கள். கையில் நாற்பது படங்கள். முகம் தெரிகிற படத்தைப் போடுவதா, சிதறிக் கிடக்கும் செருப்புகளைப் போடுவதா? எதிர்ப்பக்கத்தில் சிரிக்கும் நடிகையோடு நகைக்கடை விளம்பரம் ஏற்கனவே பணம் கட்டி உட்கார்ந்திருக்கிறது. அதை நகர்த்தச் சொல்லி விளம்பரப் பிரிவோடு சண்டை போடுவது யார்? பன்னிரண்டு மாதிரிப் பக்கங்களை ஒரு நொடியில் இயந்திரம் தரட்டும், நல்லதுதான். பதினொன்றை ஏன் தள்ள வேண்டும் என்று ஆசிரியரின் மேசை முன் நின்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். தப்பானால் திட்டு வாங்கவும் ஓர் ஆள் வேண்டும்.

இலக்கியப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும்: எழுத்துதான் முக்கியம், வடிவமைப்பு வணிகப் பத்திரிகைகளின் மினுக்கல். சிற்றிதழ் வரலாற்றை மறந்தவர்கள் சொல்வது இது. ஐந்நூறு பிரதி அடிக்கக் காசில்லாமல் தவித்த சிற்றிதழ்களில்தான் ஆதிமூலம் போன்ற நவீன ஓவியர்களின் கோடுகள் முதலில் மதிப்போடு இடம் பிடித்தன. கையில் பணமில்லாதவர்கள் கண்ணால் யோசித்தார்கள். கவிதையின் ஒரு வரி பத்தியில் அடங்காமல் அடுத்த வரிக்கு வழிந்தால், அது கவிஞர் உடைத்த வரியா, டிசைனர் உடைத்த வரியா என்று வாசகருக்குத் தெரியாது. எழுத்துதான் முக்கியம் என்று சொல்கிறவர் இதில் எப்படி அலட்சியமாக இருக்க முடிகிறது?

யூஎக்ஸ் மேல் எனக்குப் பகையில்லை. விருப்பமிருப்பவர்கள் தாராளமாகப் போகட்டும். ஆனால் தமிழில் வரும் செயலிகளையும் அரசு இணையதளங்களையும் திறந்து பாருங்கள். பொத்தானுக்குள் அடங்காமல் பாதியில் வெட்டுப்பட்ட சொற்கள், தலை சீவப்பட்ட 'கி', ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் வரிகள். இவற்றைச் சரிசெய்யத் தெரிந்தவர் யாராக இருக்க முடியும்? தமிழ்ப் பக்கத்தோடு மல்லுக்கட்டிப் பழகியவர்தான். பத்திரிகையில் இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டு அங்கே போகிறவர் கையில் சரக்கோடு போவார். நேரே போகிறவர் ஆங்கிலத்தில் செய்த திரையைத் தமிழுக்கு 'மாற்றி'க் கொடுப்பார். நாம் இப்போது பார்த்துக்கொண்டிருப்பது அதைத்தான்.

சம்பளம் குறைவு. அதை மறைத்து யாரையும் இந்தத் தொழிலுக்கு இழுக்க மாட்டேன். பத்திரிகை டிசைனரின் சம்பளத்தை மென்பொருள் நிறுவனத்தோடு ஒப்பிடவே முடியாது. இந்த வேலையில் இதழ் முடிக்கிற இரவு என்று ஒன்று உண்டு, அதற்கு ஓவர்டைம் என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. வீட்டுச் சுமை இருக்கிறவர் இதைக் கணக்குப் பார்த்து வேறு வழி போனால் அவரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. என் சண்டை கணக்குப் பார்ப்பவர்களோடு இல்லை. 'அதில் என்ன இருக்கிறது, கேன்வாவில் செய்துவிடலாம்' என்று சொல்லி அந்த வேலையின் மதிப்பையே குறைத்து, அதன் மூலம் சம்பளத்தையும் குறைத்து வைத்திருப்பவர்களோடு.

இந்த வேலையைத்தான் தேடுவேன் என்று பிடிவாதமாக இருக்கும் பட்டதாரிக்கு இரண்டு வார்த்தை. போர்ட்ஃபோலியோவில், இல்லாத காபிக் கடைக்குச் செய்த லோகோவை வைக்காதீர்கள். இரண்டு ஃபாரம், 32 பக்கம், ஒரு முழு இதழைச் செய்யுங்கள். உங்கள் ஊர்ச் சந்தையைப் பற்றியோ, பேருந்து நிலையத்தைப் பற்றியோ இருக்கட்டும். அதில் ஒரு நீண்ட கட்டுரை, ஒரு நேர்காணல், ஒரு கவிதை, ஓர் அட்டவணை, இரண்டு விளம்பரம் கட்டாயம் இருக்கட்டும், தமிழில் இருக்கட்டும். அதை அச்சடித்து, மடித்து, பின் அடித்து ஆசிரியரின் மேசையில் வையுங்கள். பிடிஎஃப் அனுப்பினால் செல்போனில் தேய்த்துவிட்டு மறந்துவிடுவார்கள். 'நாலு பக்கம் சும்மா செய்து காட்டு' என்று கேட்டு, அதை அப்படியே அடுத்த இதழில் போட்டுக்கொள்ளும் இடமாகத் தெரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அனுபவம் கிடைக்கும் என்பார்கள். அச்சகத்தில் ஒரு வாரம் நின்றால் அதைவிட நல்ல அனுபவம் கிடைக்கும்.

ஆசிரியர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சோதனைப் பக்கத்துக்குக் காசு கொடுங்கள். டிசைனரைக் கட்டுரை முடிந்த பிறகு கூப்பிடாமல், கட்டுரை முடிவு செய்யும் கூட்டத்துக்கே கூப்பிடுங்கள். சில இதழ்கள் ஆசிரியர் குழுப் பட்டியலில் வடிவமைப்பாளரின் பெயரைப் போடுகின்றன. அது போதாது, கட்டுரை எழுதியவர் பெயருக்கும் ஓவியர் பெயருக்கும் பக்கத்திலேயே பக்கம் கட்டியவர் பெயரையும் போடுங்கள். வாசகர்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை. அடுத்த இதழ் வந்ததும் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆசிரியருக்கு ஒரு கடிதம் போட்டுக் கேளுங்கள்.